சாமிக்கு ஒரு தம்ளர் பாயசம்

ரசத்துக்கு வந்துவிட்டான் அண்ணன், இனிமேல் மறைக்க முடியாது. சாம்பார்ச் சோற்றை இறுக்கி உருட்டி வாய்க்குள் தள்ளிவிட்டான், உருண்டைக்குள் நடுக்கம் தெரியவில்லை, ரசம் அப்படி விடுமா, விரலிடுக்கில் ஒழுகுகிறது, கறுப்பு வேட்டியில் சொட்டுகிறது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறான், நான் பார்ப்பது தெரிந்ததும் துளசி மாலையைச் சரிசெய்கிறவன் போல அந்தக் கையை மேலே கொண்டுபோகிறான். பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விருதுநகர், அம்மா வீடு, சுவரில் சாய்ந்து அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சி, அவ்வளவுதான் நான். அவ்வளவாக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். குடியையும் போதையையும் விடவைக்கிற மனநல டாக்டர், இருபது வருஷமாக அதுவே பிழைப்பு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தே இவன் எப்போது கடைசியாகக் குடித்தான் என்று சொல்லிவிடுவேன். அண்ணன் நெற்றியில் வியர்வை. வெளியே தூறல், மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது, சந்தனம் கரைந்து புருவத்தில் இறங்குகிறது. "சாமி வேர்த்துக் கொட்டுது பாரு, மிளகை அள்ளிப் போட்டுட்டேன்" என்கிறாள் அம்மா. மிளகு இல்லம்மா. "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து, நல்லாருக்கு" என்கிறான் அவன். அவன் நாக்கில் எதுவும் ருசிக்காது இப்போது, எனக்குத் தெரியும், சோறு வாசனையே குமட்டும், அம்மாவுக்காகச் சாப்பிடுகிறான், எனக்காகச் சாப்பிடுகிறான், பார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஒவ்வொரு கவளமும் எனக்குத்தான் சொல்கிறது.

கார்த்திகை முதல் தேதி, முந்தாநாள் விடிகாலை, கோயிலில் மாலை போட்டுக்கொண்டான். அதற்கு முந்தின ராத்திரி கடைசிக் குடி, ஆசை தீரக் குடித்திருப்பான், இனி ஒரு மண்டலம் தொடமுடியாதே. அதோடு நிறுத்திவிட்டான், பல வருஷமாகக் காலையில் எழுந்ததும் பல் விளக்காமல் குடிக்கிற மனிதன், குழாயை மூடுவது போல நிறுத்திவிட்டான். எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம்தான் அம்மா போனில் சொன்னாள், குரலில் அப்படி ஒரு பூரிப்பு, "ஏத்தா, உங்கண்ணன் மாலை போட்டுட்டாண்டி, ரெண்டு நாளா ஒரு சொட்டு தொடலை, முகத்துல அப்படி ஒரு களை." விரல்விட்டு நாட்களை எண்ணினேன். நாளைக்கு வருகிறேன் என்றேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "வரலாமா நீ? சாமி இருக்கிற வீடு" என்றாள். வரலாம் என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு விலக்கான உடம்போடுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு இவனுக்கு ஏதாவது ஆகி, இது அம்மாவுக்குத் தெரிந்தும் போனால், காரணம் நான்தான் என்று ஆகிவிடும். இத்தனை படித்தும் எனக்கே ஒரு மூலையில் உறுத்துகிறது, சீ, என்ன புத்தி இது. என் கைப்பையில் மாத்திரை இருக்கிறது. வெள்ளை மாத்திரை, சின்னது, குடி விட்ட மூளை கொதிக்காமல் இறக்கிவைக்கிற மாத்திரை. வார்டில் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்கிற விளக்கம் ஒன்று உண்டு, கயிறு இழுக்கிற போட்டி. ஒரு பக்கம் சாராயம் இழுக்கிறது, மறுபக்கம் மூளை வருஷக்கணக்காக இழுத்துப் பழகிவிட்டது, சாராயம் திடீரென்று கயிற்றை விட்டால் மூளை மல்லாக்க விழும், பிட்ஸ் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், சிலருக்கு உயிரே போகும். அதனால் கயிற்றை மெதுவாக விடவேண்டும், அதற்குத்தான் மாத்திரை. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், என் வீட்டில் மட்டும் இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மாத்திரை என்று காலையில் நான் வாய் திறந்ததுமே முகம் மாறிவிட்டது அவனுக்கு. மாலை போட்டவர்கள் பெண்களை மாளிகைப்புறம் என்றுதான் கூப்பிடவேண்டும், பிறந்ததிலிருந்து பாப்பா என்று கூப்பிட்ட வாயால், "மாளிகைப்புறம், உன் கடையை மதுரையிலயே பூட்டிட்டு வரக்கூடாதா?" என்றான். "அண்ணே, வெளையாடாத. இன்னும் ரெண்டு மூணு நாள்தான் ஆபத்து, அதுவரைக்கும் போடு, அப்புறம் குறைச்சு நிறுத்திருவோம்" என்றேன். "அண்ணன் இல்ல, சாமி" என்று அடுப்படியிலிருந்து அம்மா திருத்தினாள். "சரி, சாமி, இந்த ஒரு மாத்திரை மட்டும் போடுங்க சாமி." சிரித்தான். அண்ணன் சோலைராஜன் சிரித்தால் என்னால் இன்னும் எதுவும் பேச முடியாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், அந்த முன்பல் இடைவெளி. "போதைய விட மாலை போட்டுட்டு இன்னொரு போதைய முழுங்கவா? விரதம்னா விரதந்தான். இத்தனை வருஷம் நீ குடுத்தியே, நின்னுச்சா? சொல்லு. ஐயப்பன் ஒரே நாள்ல நிறுத்திட்டாரு." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சாயங்காலம் இந்திராணி வர்றா. பிள்ளைய கூட்டிட்டு வர்றா. நான் மாத்திரை மயக்கத்துல கண்ணு சொருகிக்கிட்டு உக்காந்திருந்தா என்ன நினைப்பா? பழையபடி ஆரம்பிச்சுட்டான்னுதானே நினைப்பா?" என்றான். இந்திராணி அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனவள், மாலை போட்டு மலைக்குப் போய் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியனுப்பியவள், நிஜமாகவே மாலை போட்டுவிட்டான் என்று கேட்டுப் பார்க்க வருகிறாள். அவன் கண் தெளிவாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறான், அந்த ஆசையைத்தானே நான் வருஷம் முழுக்க ஒவ்வொருவனிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன் குடிகாரன், அதனால்தான் தங்கை இந்தப் படிப்பை எடுத்தாள் என்று சொந்தத்தில் ஒரு கதை ஓடுகிறது, கல்யாண வீடுகளில் கண்கலங்கச் சொல்வார்கள். தலைகீழ். நான் படித்து முடித்துப் பட்டம் வாங்கிய பிறகுதான் அவன் குடிக்கவே ஆரம்பித்தான். நான் எடுத்தது இடம் கிடைத்ததால், மற்ற பிரிவுகளுக்கு மார்க் போதவில்லை, அவ்வளவுதான். "பிள்ளை பிறக்க வைக்கிற டாக்டரா வரக்கூடாதா, குடிகாரப்பயலுகளுக்கா படிச்சே?" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். முதல் வருஷம் எனக்கும் அருவருப்புதான், வாந்தி வாடை, கட்டிலில் கட்டிப்போட்ட கைகள், டாக்டரம்மா ஒரே ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுங்க என்று கும்பிடுகிற ஆசிரியர்கள். பிறகு பிடித்துப்போனது. மற்ற நோயாளிகள் குணமாகிவிட்டுப் போய்விடுவார்கள், இவர்கள் திரும்பி வருவார்கள், குடித்துவிட்டேன் டாக்டர் என்று குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல வந்து நிற்பார்கள், திட்டாமல் உட்கார் என்று சொன்னால் அழுவார்கள். அந்த ஒன்றைத்தான் இருபது வருஷத்தில் கற்றேன், திட்டாமல் உட்கார் என்று சொல்ல. பேட்டரிக் கடை வைத்து நன்றாக நடத்திக்கொண்டிருந்த என் அண்ணன் குடிக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கு அவனை நிற்கவைத்துத் திட்டினேன், அதற்கப்புறமும் திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். மோர் ஊற்றுகிறாள் அம்மா. மோர் சாதத்தை அவன் பிசையவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், இலையில் எதையோ சுண்டுவிரலால் ஓரமாகத் தள்ளுகிறான். கறிவேப்பிலையா. கறிவேப்பிலையாகத்தான் இருக்கும், கடவுளே, கறிவேப்பிலையாக இருக்கட்டும்.

ஆடியில் கஞ்சி, மார்கழியில் பொங்கல் என்று மற்றவர்களுக்கு மாசம் தெரியும், எனக்கு வார்டு சொல்லும். கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் நாலாம் நாள் கறுப்பு வேட்டிகள் வந்து இறங்கும். கழுத்தில் மாலையோடு, பிட்ஸ் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு, சுவரில் பாம்பு ஏறுகிறது என்று கட்டிலைவிட்டுத் தாவுகிறவர்கள். கழற்றாதீங்க, மாலையைக் கழற்றாதீங்க என்று வெளியே மனைவி கதறுவாள், ஊசி போட நர்ஸுகள் மாலையைத் தொடத் தயங்குவார்கள். போன வருஷம் பாஸ்கரன் என்று ஒரு தையல்காரர். கை உதறி, கண் நிலைகுத்தி, யாரிடமோ பேச ஆரம்பித்ததும் சாமி வந்துவிட்டது என்று வீடே கூடிவிட்டது. பக்கத்துத் தெருவெல்லாம் வந்து குறி கேட்டிருக்கிறார்கள். என் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் நடக்கும், தொலைந்த சங்கிலி எங்கே இருக்கிறது. அவர் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார், சரியாக வேறு இருந்ததாம். உடம்பு அனலாகக் கொதித்தபோது அதுவும் அருள் என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அவர் மனைவி என்னிடம் கோபப்படவில்லை, அழக்கூட இல்லை, "எங்க வீட்டுக்கு வந்த சாமி ஏன் டாக்டர் அவரையும் கூட்டிட்டுப் போச்சு?" என்று கேட்டாள், உண்மையாகவே பதில் எதிர்பார்த்து நின்றாள். அது சாமியில்லை, சாராயம் நின்றதால் வந்தது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல முடியவில்லை. இந்த மூன்றாம் நாளை எண்ணித்தான் நான் பஸ் ஏறி வந்தேன். "ஏத்தா, என்ன பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க, எந்திரிச்சு பாயசத்தை எடுத்துட்டு வா, சாமி மோருக்கு வந்திருச்சுல்ல" என்கிறாள் அம்மா.

அடுப்படியில் யாரும் இல்லை. பாசிப்பருப்புப் பாயசம், வெல்லம் தூக்கலாக, ஏலக்காய் வாசனை. கைப்பை சன்னல் கம்பியில் தொங்குகிறது. இதை நான் செய்யக்கூடாது. எத்தனை பெண்கள் என் மேஜைக்கு முன்னால் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்கிற மாத்திரை ஒண்ணு இருக்காமே டாக்டர் என்று கேட்டிருக்கிறார்கள். கூடாதும்மா, அது ஏமாற்று, ஆபத்து, தெரிந்தால் அதற்கப்புறம் உன் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான், அவனே ஒத்துக்கொண்டு வாங்கிப்போட்டால்தான் மருந்து என்று பாடம் நடத்துவேன். அவர்கள் போகும்போது திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, உனக்கென்னம்மா, நீ சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவாய் என்கிற பார்வை. இன்றைக்குத்தான் அந்தப் பார்வையின் அர்த்தம் அடிவயிற்றில் இறங்குகிறது. கரண்டியின் அடியால் மாத்திரைகளை நசுக்குகிறேன், அவன் குடித்த அளவுக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை. மாவு மாதிரி வருகிறது. தம்ளரில் போட்டுக் கலக்குகிறேன், மறுபடி கலக்குகிறேன். இதைக் குடித்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் தூங்கிவிடுவான், இந்திராணி வரும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், அவள் சொன்னால் கேட்பான், அவள் ஒருத்தி சொன்னால் போதும். ஐயப்பா, இந்த ஒரு தம்ளர். சாமி கும்பிட்டு வருஷமாகிறது எனக்கு, வாயில் தானாக வந்துவிட்டது.

இலை முன்னால் வைக்கிறேன். எடுக்கிறான். வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்துகிறான், மூக்கு லேசாக அசைகிறது. மறைத்து வைப்பதையும், மறைத்து வைத்ததைக் கண்டுபிடிப்பதையும் வருஷக்கணக்காகத் தொழிலாகச் செய்த மனிதன். தண்ணீர்த் தொட்டிக்குள், பேட்டரிப் பெட்டிக்குள், அரிசி மூட்டைக்குள், எங்கெங்கே பாட்டிலை வைத்து எடுத்தவன். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான், கோபமில்லை, வேடிக்கை, சின்ன வயசில் என் பென்சில் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு முழிப்பானே அந்த முழி. தம்ளரை இரண்டு கையாலும் நீட்டுகிறான். "மாளிகைப்புறம்தான் முதல்ல குடிக்கணும். சாமி பிரசாதம்." "நீங்க குடிங்க சாமி, எனக்கு உள்ள இருக்கு" என்கிறேன். "அய்யய்யோ, சாமி கையால குடுக்குது, வேண்டாம்னு சொல்லுவியாடி, வாங்கு, கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடி" என்று அம்மா பதறுகிறாள். கை தவறியது போலக் கொட்டிவிடலாம். கொட்டினால் அபசகுனம் என்று அம்மா அழுவாள், அவன் வாயைத் திறந்து சொல்லிவிடுவான், சாயங்காலம் இந்திராணி காதுக்குப் போகும், தங்கச்சி சோற்றில் மருந்து கலந்தாள் என்று, அதோடு அவன் என் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டான், ஆஸ்பத்திரிக்கு வருவானா, கனவில்கூட வரமாட்டான். குடித்துவிட்டால்? அவனை நான் காட்டிக்கொடுக்கவில்லை, என்னை அவன் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒரு கணக்கு நேராகும், அப்புறம் கேட்டால் ஒருவேளை மனம் இளகும். குடிகாரர்கள் எல்லோரும் இப்படித்தான் யோசிப்பார்கள், இந்த ஒரு தம்ளர், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். குடித்தேன். வெல்லத்தையும் மீறி நாக்கின் அடியில் கசப்பு. "கசக்குதா?" என்று மெதுவாகக் கேட்டான். "குடிச்சுட்டேன்ல. இப்ப நீயும் ஒண்ணு போடுண்ணே. உனக்காக இல்ல, எனக்காக." "மலையிலருந்து வந்து போடுறேன்" என்றான், அம்மா ஊற்றிய வேறு தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தான்.

கொல்லைக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டு வழியை மறித்தபடி நின்றான். "எங்க, பிரசாதத்தைக் கக்கவா? நீ வரும்போதெல்லாம் உன் முன்னாடி மாத்திரைய முழுங்குற மாதிரி காட்டுவேன்ல, அந்தச் செம்பருத்திக்கு அடியிலதான் அம்புட்டும் கிடக்கு, செடி எப்படித் தெளிஞ்சு நிக்குது பாரு" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே வந்துவிட்டது. அத்தனை வருஷமும், மாத்திரை வேலை செய்யவில்லை என்று மருந்தை மாற்றி மாற்றி, அளவைக் கூட்டிக் கூட்டி, ராத்திரியெல்லாம் புத்தகம் புரட்டினேனே. "அழாத மாளிகைப்புறம், சாமி இருக்காரு" என்று தோளில் கைவைத்துக் கூடத்துக்குக் கூட்டிவந்தான், அந்தக் கை என் தோளில் பறவை போலத் துடித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். வந்து வாசலில் நிற்கும், இவன் ஏறமாட்டான், ஏறச் சொன்னால் அம்மா கதவைப் பிடித்துக்கொள்வாள், எனக்கு ஒண்ணுமில்லை என்று நல்ல வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவைப்பான், தெருவே பார்க்கும், அதைப் பார்த்துக்கொண்டே இந்திராணி ஆட்டோவிலிருந்து இறங்கி அதே ஆட்டோவில் ஏறிப் போய்விடுவாள். வேண்டாம். இந்திராணி வரட்டும். அதுவரைக்கும் விழித்திருந்தால் போதும். நேற்று ராத்திரி முழுக்க வார்டில் நின்ற உடம்பு. சாப்பிட்டுவிட்டுப் படு என்று எனக்கும் ஒரு இலை போட்டாள் அம்மா, நாலு வாய் சாப்பிட்டேன், காரமாக ஏதாவது சாப்பிட்டால் தூக்கம் போகும் என்று ஊறுகாயை நக்கினேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அவனுடைய அளவு அது, என் உடம்புக்கு மலை.

சுவரில் சாய்ந்திருக்கிறேன். ஐயப்பன் படத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான் அண்ணன். விளக்கு இரண்டாகத் தெரிகிறது, ஒன்றாகிறது. தூறல் நின்றுவிட்டதா. இந்திராணி எத்தனை மணிக்கு என்று சொன்னான், சாயங்காலம் என்றால் நாலா, ஐந்தா, சாயங்காலம் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை. கண்ணைத் திற. திறந்துதான் இருக்கிறது. அவன் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறான், ஆள்காட்டி விரலால் ஒன்றைத் தொட்டு நசுக்குகிறான், வேட்டியை உதறுகிறான், மறுபடி உதறுகிறான். கறிவேப்பிலை இல்லை அது. "அம்மா, இங்க எறும்பு, சாரை சாரையா, சக்கரை கொட்டிருச்சா?" என்கிறான். தரை துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து வருகிறாள், பார்க்கிறாள், அவன் உதறுகிற உதறலை, நிலைகுத்துகிற கண்ணை. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கிறாள். கும்பிடுகிறாள். "சாமியே சரணம் ஐயப்பா" என்று அவள் குரல் தழுதழுக்கிறது. இல்லைம்மா. சாமி இல்லை. பாஸ்கரனின் மனைவிக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கிறது. எழுந்திருக்கப் பார்க்கிறேன். தரையில் சரிகிறேன், சிமெண்டு கன்னத்தில் ஜில்லென்று இருக்கிறது. "ஆசுபத்திரி... அம்மா, அண்ணன... ஆசுபத்திரிக்கு..." "தூக்கத்துலயும் ஆஸ்பத்திரிதான் இவளுக்கு. ராவெல்லாம் முழிச்சிருக்கா, தூங்கட்டும்" என்று அம்மா யாரிடமோ சொல்கிறாள், என் தலையைத் தூக்கித் தலையணையைச் செருகுகிறாள், கற்பூரம் ஏற்றப் போகிறாள். அண்ணன் முட்டி போட்டு என் பக்கத்தில் வருகிறான். அனலடிக்கிறது அவன் உடம்பு. "பாப்பா," என்கிறான், மாளிகைப்புறம் இல்லை, பாப்பா, "அசையாத, உன் மேலயும் ஏறுது பாரு, கண்ணுக்குள்ள போயிரும், நான் தட்டிவிடுறேன், நீ தூங்கு." நடுங்குகிற விரல்களால் என் கையிலிருந்து, கழுத்திலிருந்து, இமையிலிருந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தூரப் போடுகிறான். வாசலில் ஏதோ ஆட்டோ சத்தம், நிற்கிறதா போகிறதா தெரியவில்லை. "தங்கச்சிய சாமி எப்படித் தடவிக் குடுக்குது பாரு" என்று அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறாள்.